நான்காம் வார்த்தைக்கு முன்: 22ஆம் சங்கீதத்தை வாசிக்கும் முறை

பெரிய வெள்ளி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுள் நான்காவதைப் பேசும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கலாம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்னும், 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியுமான அந்த ஒற்றை வரிக்கு நம் சபைகளில் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களே தரப்படுகின்றன. உலகத்தின் பாவத்தைச் சுமந்த குமாரனைப் பார்க்க முடியாமல் பிதா தம் முகத்தை மறைத்துக்கொண்டார் என்பது ஒன்று. இயேசு முழுச் சங்கீதத்தையும் மனத்தில் வைத்தே முதல் வரியைச் சொன்னார், அதன் முடிவு துதியாக இருப்பதால் அந்தக் கூக்குரலும் உண்மையில் வெற்றிக்குரலே என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் 22ஆம் சங்கீதத்தைத் திறந்து பார்க்காமலேயே ஒருவர் சொல்லிவிட முடியும் என்பதுதான் இவற்றின் குறை. அந்தச் சங்கீதத்தின் 31 வசனங்களையும் முதலில் கவிதையாகவும், பின்பு இஸ்ரவேலின் ஜெபமாகவும், அதன் பின்னரே சிலுவையடியில் நின்றும் வாசிப்பதற்கான ஒரு வழிமுறையை இங்கே தருகிறேன். இந்த வரிசை முக்கியமானது. கோட்பாட்டை முதலில் வைத்துக்கொண்டு கவிதையை அதற்குச் சான்றாகத் தேடுகிறவர், கவிதை தானாகச் சொல்ல வருவதைக் கேட்பதில்லை.

வாசிப்புக்கு ஆயத்தம்

சங்கீதத்தை உங்கள் கையால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேதாகமத்தில் நெருக்கமாக அச்சான பத்தியில் கவிதையின் வரிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுதும்போது ஒவ்வொரு வசனமும் எங்கே இரண்டாக, சில இடங்களில் மூன்றாகப் பிரிகிறது என்பதைக் கை தானாகக் கண்டுகொள்ளும். பழைய மொழிபெயர்ப்பை எழுதிக்கொண்டு, 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நல்லது. பழைய கத்தோலிக்க நூல்களிலும் திருச்சபைத் தந்தையரின் விளக்கவுரைகளிலும் இதே பாடல் 21ஆம் சங்கீதம் என்று எண்ணிடப்பட்டிருக்கும். எபிரெய மூலம் 9, 10 என்று பிரிப்பவற்றைக் கிரேக்க மொழிபெயர்ப்பு ஒரே பாடலாக எண்ணுவதே அதற்குக் காரணம். விளக்கவுரைகளைத் தேடும்போது இதை நினைவில் வைத்திருந்தால் வீணாக அலைய நேராது.

எபிரெயக் கவிதை எதுகையையும் மோனையையும் நம்பி நடப்பதில்லை. ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு சொற்களில் மீண்டும் சொல்லும், அல்லது எதிர்நிலையில் வைக்கும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் லௌத், 1753இல் வெளியான தம் லத்தீன் விரிவுரைகளில் இந்த இணைவரி அமைப்பை விளக்கிக் காட்டினார். இரண்டாம் வசனத்தைப் பாருங்கள்: "நான் பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவுகொடீர்; இரவிலே கூப்பிடுகிறேன், எனக்கு அமைதலில்லை." பகல், இரவு என்னும் இரண்டு சொற்களும் இரண்டு தனித்தனி நேரங்களைக் குறிப்பிடுவதோடு நிற்பதில்லை. இடைவெளியே இல்லாத கூப்பிடுதலை அவை சேர்ந்து நிறுவுகின்றன. வரியின் முதற்பாதியில் தேவன் பேசாமலிருக்கிறார், பிற்பாதியில் மனிதனால் பேசாமலிருக்க முடியவில்லை. இப்படி ஒவ்வொரு வசனத்திலும் இரண்டாம் பாதி முதற்பாதிக்கு எதைக் கூட்டுகிறது என்று கேட்டு, விடையை ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

பேனாவால் செய்ய வேண்டியவை

முதலில் "தூரம்" என்ற சொல் வருமிடங்களை வட்டமிடுங்கள். 1ஆம் வசனத்தில் "ஏன் தூரமாயிருக்கிறீர்?", 11இல் "என்னை விட்டுத் தூரமாகாதேயும்", 19இல் மறுபடியும் "நீர் எனக்குத் தூரமாகாதேயும்" என்று வருகிறது. முதல் 21 வசனங்களையும் தாங்கி நிற்கும் மூன்று தூண்கள் இவை. 11ஆம் வசனத்தில், தேவன் தூரமாயிருக்க, "ஆபத்துக் கிட்டியிருக்கிறது" என்று பாடுபவர் சொல்கிறார். வரவேண்டியவர் எட்டவும் வரக்கூடாதது கிட்டவும் இருப்பதே இவருடைய துன்பத்தின் வடிவம். தேவன் இல்லை என்று இவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்; தூரமாயிருக்கிறார் என்று அவரிடமே முறையிடுகிறார்.

அடுத்து, நீர், நான், அவர்கள் என்னும் மூவரையும் மூன்று வண்ணங்களில் அடிக்கோடிடுங்கள். சங்கீதங்களை வகைப்படுத்தி ஆராய்ந்த ஹெர்மன் குங்கெலின் வழியில் தொடர்ந்த கிளாவுஸ் வெஸ்டர்மன், முறையீட்டுப் பாடல்களில் இம்மூன்று எழுவாய்களும் சேர்ந்தே வரும் என்று காட்டினார். நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிற 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே நீர், நான், என் சத்துரு ஆகிய மூவரும் வந்துவிடுகிறார்கள். ஆகவே நீண்ட பாடலுக்குப் போகுமுன் அந்தச் சிறிய பாடலில் இந்தப் பயிற்சியைச் செய்து பார்ப்பது கைக்குப் பழக்கத்தைக் கொடுக்கும்.

22ஆம் சங்கீதத்தில் வண்ணம் தீட்டி முடித்ததும் இரண்டு காரியங்கள் புலப்படும். முதல் பதினொரு வசனங்களில் முறையீடும் நம்பிக்கையும் மாறிமாறி வருகின்றன: 1–2இல் முறையீடு, 3–5இல் பிதாக்கள் நம்பி விடுதலையடைந்த நினைவு, 6–8இல் "நானோ ஒரு புழு, மனுஷனல்ல" என்னும் தாழ்வு, 9–10இல் தாயின் வயிற்றிலிருந்து தன்னை எடுத்தவர் என்னும் அறிக்கை. இந்த நினைவுகள் அவருக்கு ஆறுதல் தருவதற்குப் பதிலாக வேதனையைக் கூட்டுகின்றன என்பதே என் வாசிப்பு. பிதாக்கள் கூப்பிட்டபோது கேட்டவர் தன்னை மட்டும் ஏன் கேட்கவில்லை என்னும் கேள்விக்கு அந்த நினைவே கூர்மை ஏற்றுகிறது. இரண்டாவது காரியம் 15ஆம் வசனத்தில் இருக்கிறது. எருதுகளையும் சிங்கத்தையும் சொல்லி, எலும்புகள் கட்டுவிட்டதையும் இருதயம் மெழுகாய் உருகியதையும் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டதையும் சொல்லி வந்தவர், அந்தப் பட்டியலின் முடிவில் திடீரென முன்னிலைக்குத் திரும்பி, "என்னை மரணத்தூளிலே போடுகிறீர்" என்கிறார். பகைவர் செய்வதையெல்லாம் கண்ட பின்னரும் இறுதிக் கணக்கை இவர் தேவனிடமே கேட்கிறார். இவ்வளவு துணிவான வரியைச் சபையில் வாசிக்கும்போது குரலைத் தாழ்த்தி விரைந்து கடந்துவிடாதீர்கள். யாரிடம் முறையிட்டால் நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறோமோ அவரிடமே வழக்கைக் கொண்டுபோகிறோம்.

நம் ஊர் ஒப்பாரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த இடத்தில் உணரலாம். ஒப்பாரி இறந்தவரை விளித்துப் பாடப்படுகிறது; பாடுகிறவளுக்கு அவர் மறுமொழி சொல்லப்போவதில்லை என்று தெரியும். சங்கீதக்காரரோ பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரை நோக்கி, பதில் வரும்வரை விடமாட்டேன் என்னும் உரிமையோடு கதறுகிறார். அதனால்தான் கேள்விக்கு முன்னால் "என் தேவனே" என்னும் விளி இரண்டு முறை நிற்கிறது.

இனி விலங்குகள். 12இல் எருதுகள், 13இல் சிங்கம், 16இல் நாய்கள் என்று பாடுபவரைச் சூழ்ந்துகொள்ளும் மிருகங்கள் வரிசையாக வருகின்றன. 20, 21ஆம் வசனங்களில் விடுதலை கேட்கும்போது அதே வரிசை தலைகீழாகத் திரும்புகிறது: நாய், சிங்கம், பின்பு கொம்புள்ள மிருகம். பழைய மொழிபெயர்ப்பு கடைசியாக வருவதைக் காண்டாமிருகம் என்கிறது. எபிரெயத்தில் இருப்பது காட்டெருது. ஆகவே எருதில் தொடங்கிய வளையம் எருதிலேயே மூடுகிறது. எந்த வரிசையில் முற்றுகை இறுகியதோ அதற்கு நேரெதிர் வரிசையில் அதை அவிழ்க்கும்படி கவிஞர் கேட்கிறார். கதறலுக்குள்ளே இத்தனை ஒழுங்கு இருப்பதைக் கண்டு, இது உண்மையான வேதனை அல்ல என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. ஒருவருக்கு நேர்ந்தது பலரும் பாடி ஜெபிக்கும் பாடலாக வேண்டுமானால் அதற்கு இந்த வடிவம் தேவைப்பட்டது.

வளையம் மூடுகிற அந்த 21ஆம் வசனத்தின் நடுவில்தான் பாடலின் பெரிய திருப்பம் நிகழ்கிறது. "என்னைச் சிங்கத்தின் வாயிலிருந்து இரட்சியும்" என்பது வேண்டுதல். அடுத்த பாதியோ "எனக்குச் செவிகொடுத்தருளினீர்" என்று நடந்து முடிந்ததாகப் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பாடல் சொல்லவில்லை. ஆலயத்தில் ஆசாரியன் ஒருவன் இரட்சிப்பின் வாக்கை உரைத்திருப்பான், அதைக் கேட்டபின் பாடுபவரின் தொனி மாறியது என்று விவிலிய அறிஞர் யோவாக்கிம் பெக்ரிக் 1934இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அது கவனத்துக்குரிய ஊகம். ஆனால் அந்த வாக்கு பாடலுக்குள் எழுதப்படவில்லை என்பதை மதிப்பதே வாசகருக்கு நல்லது. அந்த வெற்றிடத்தை உங்கள் சொந்த விளக்கத்தால் நிரப்பாதீர்கள். ஜெபத்தின் நடுவில் தேவன் எப்போது எப்படிச் செவிகொடுத்தார் என்பதை ஜெபித்தவரும் சொல்லாமல் விடுகிறார்.

திருப்பத்துக்குப் பின் வட்டம் விரிகிறது. 22இல் சகோதரரும் சபையும், 23இல் யாக்கோபின் சந்ததி முழுவதும், 26இல் உண்டு திருப்தியடையும் எளியவர்கள், 27இல் பூமியின் எல்லைகள், 29இல் புழுதியில் இறங்குகிறவர்கள், 31இல் இனிப் பிறக்கப்போகிற ஜனங்கள். 15இல் தன்னை இழுத்த தூள், 29இல் இறந்தவர்களும் வணங்கும் இடமாக மாறிவிடுவதைக் கவனியுங்கள். தனியொரு மனிதனின் புறக்கணிப்பில் தொடங்கியது, மரித்தோரையும் பிறவாதோரையும் உள்ளடக்கும் ஆராதனையாக முடிகிறது. இந்தப் பாடலில் பகைவரைச் சபிக்கும் வரி ஒன்றுகூட இல்லை என்பதும் குறித்துக்கொள்ள வேண்டியது.

நமக்கு முன் வாசித்தவர்கள்

இந்தச் சங்கீதத்தைச் சிலுவையோடு சேர்க்குமுன், அது இஸ்ரவேலின் ஜெபமாக இருந்ததை மறந்துவிடக் கூடாது. யூத மரபு இதை எஸ்தரோடு இணைத்தது. அழைப்பின்றி அரசனிடம் போகத் துணிந்த எஸ்தர், விக்கிரகங்கள் இருந்த அறையை அடைந்தபோது தேவ சந்நிதி தன்னை விட்டு விலகியதை உணர்ந்து இதே முதல் வரியைச் சொன்னாள் என்று யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான பாபிலோனியத் தால்மூதின் மெகில்லாப் பகுதி கூறுகிறது. தன் ஜனத்துக்காக உயிரைப் பணயம் வைத்த ஒருத்தியின் வாயில் இந்த வரியைக் கேட்டுப் பழகிய பின் கல்வாரிக்குப் போகிறவர், அது நெடுங்காலமாகப் பலர் ஜெபித்த வரி என்பதை உணர்ந்தே போவார்.

கிறிஸ்தவ மரபுக்குள்ளும் கருத்துவேறுபாடு இருந்தது. 428இல் மரித்த மொப்சுவெஸ்தியா ஆயர் தெயோதோர், மிகச் சில சங்கீதங்களையே நேரடியாகக் கிறிஸ்துவைப் பற்றியவையாக ஏற்றார். இந்தப் பாடலைத் தாவீதின் சொந்தத் துன்பத்துக்குரியதாகவே விளக்கினார். 553இல் கூடிய இரண்டாம் கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கம் அவரைக் கண்டித்தபோது, இந்த விளக்கமும் எடுத்துக்காட்டப்பட்ட பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. எனினும், பாடலை முதலில் அதன் வரலாற்றுச் சூழலில் கேட்க வேண்டும் என்னும் அவருடைய அக்கறையில் நாம் கற்கத்தக்கது உண்டு. வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீனோ வேறு பாதையில் போனார். சங்கீதங்களில் பேசுகிறவர் தலையும் உடலுமாகிய முழுக் கிறிஸ்து என்றும், ஆகவே சில வரிகளைத் தலை உடலுக்காகப் பேசுகிறது என்றும் அவர் கற்பித்தார். பாடுகளின் நாளில் இந்தப் பாடலைக் குறித்துப் பிரசங்கித்தபோது, உண்மைத் திருச்சபை ஆப்பிரிக்காவில் தங்களிடம் மட்டுமே இருப்பதாகச் சொன்ன தொனாத்துவினருக்கு 27ஆம் வசனத்தைக் காட்டி, "பூமியின் எல்லைகளெல்லாம்" என்று எழுதியிருக்கிறதே என்று வாதிட்டார். அவர் கடைசி வரி வரைக்கும் படித்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

16ஆம் வசனத்தில் ஓர் எச்சரிக்கை. "என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்" என்னும் வாசிப்பைப் பலர் தங்கள் செய்தியின் மையமாக வைக்கிறார்கள். யூத மரபு பேணிக்காத்த மசோரெத்து எபிரெயப் பாடத்தில் அந்த இடத்தில் "சிங்கத்தைப்போல" என்று பொருள்படும் சொல் நிற்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ "தோண்டினார்கள்" என்கிறது. அறிஞர்களிடையே இந்த வாதம் இன்னும் முடியவில்லை. நான்கு சுவிசேஷங்களும் பாடுகளை விவரிக்கையில் இந்தச் சங்கீதத்தை இத்தனை நெருக்கமாகப் பயன்படுத்தியும் இந்த வரியை மேற்கோள் காட்டவில்லை. சுவிசேஷகர்கள் சாயாத தூணில் நாமும் பாரம் முழுவதையும் சாய்க்க வேண்டியதில்லை.

சிலுவையடியில் வாசித்தல்

இப்போது மாற்கு 15ஆம் அதிகாரத்தைச் சங்கீதத்துக்குப் பக்கத்தில் வைத்து, எந்த வசனம் எங்கே எதிரொலிக்கிறது என்று கோடிட்டு இணையுங்கள். 24ஆம் வசனத்தில் வஸ்திரங்களைச் சீட்டுப்போட்டுப் பங்கிடுகிறார்கள்: சங்கீதம் 22:18. 29இல் வழியே போகிறவர்கள் தலைகளைத் துலுக்குகிறார்கள்: 22:7. 34இல் ஒன்பதாம் மணி நேரத்திலே எழும் கூக்குரல்: 22:1. மாற்கு இந்தப் பாடலைப் பின்னாலிருந்து முன்னோக்கி நடத்துகிறார். சங்கீதத்தில் கைவிடப்படுதல் தொடக்கம். மாற்குவில் அது முடிவு. துதியை நோக்கி ஏறும் பாடலைத் தலைகீழாக்கி, அதன் ஆழமான முதல் வரியில் இயேசுவின் கடைசி வார்த்தையை நிறுத்துகிறார். அதற்குப் பின் ஒரு மகா சத்தம் மட்டுமே, சொற்கள் இல்லை. ஆகவே, இயேசு முடிவை நினைத்தே முதல் வரியைச் சொன்னார் என்று எளிதாகச் சொல்லிக் கூக்குரலை மழுக்குகிறவர் மாற்குவின் எழுத்தமைப்புக்கு எதிராகப் போகிறார். லூக்கா இதே இடத்தில் 31ஆம் சங்கீதத்தின் "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்னும் ஜெபத்தை வைக்கிறார் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நால்வரையும் ஒரே குரலாகக் கலந்துவிடாமல், ஒவ்வொருவரும் சொல்வதை அவரவர் சொல்லும்படி விடுங்கள்.

அப்படியானால், பிதா முகத்தை மறைத்தார் என்னும் முதல் விளக்கம் சரியா? அதற்கு எதிராகச் சங்கீதத்தின் 24ஆம் வசனமே எழுந்து நிற்கிறது. உபத்திரவப்பட்டவனுடைய உபத்திரவத்தை அவர் அருவருக்கவில்லை, "தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமலுமிருந்து" அவன் கூப்பிடுகையில் கேட்டருளினார் என்று அது அறிக்கையிடுகிறது. கல்வாரியில் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எந்தச் சுவிசேஷமும் எழுதவில்லை. கிறிஸ்து தேவகோபத்தின் பாரத்தை உணர்ந்தார் என்று மிக அழுத்தமாகக் கற்பித்த பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினே, தேவன் தம் நேச குமாரன்மேல் ஒருபோதும் பகைமையோ கோபமோ கொண்டதில்லை என்று அதே இடத்தில் சேர்த்து எழுதினார். ஜெர்மானிய இறையியலாளர் யூர்கென் மோல்ட்மன் 1972இல் எழுதிய நூலில், கைவிடப்படுதலைத் தேவனுடைய உள்வாழ்வுக்கே கொண்டுபோய், குமாரன் மரணத்தையும் பிதா குமாரனின் இழப்பையும் அனுபவிக்கிறார்கள் என்றார். அவருடைய முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் உண்டு. கூக்குரலின் கனத்தை அவர் குறைக்கவில்லை என்பதை இருவரும் ஒப்புக்கொள்வார்கள்.

நான் பரிந்துரைப்பது இதுதான்: முதல் வசனத்தையும் 24ஆம் வசனத்தையும் ஒன்றையொன்று விழுங்க விடாமல் இரண்டையும் முழுமையாகச் சொல்லுங்கள். கைவிடப்பட்டதாகக் கதறியவர் உண்மையாகவே கதறினார். அவரைக் கேட்டவரும் உண்மையாகவே கேட்டார். எபிரெயருக்கு எழுதின நிருபம் 5:7 இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிடித்து வைக்கிறது: பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணி, தமது பயபக்தியினிமித்தம் கேட்கப்பட்டார். அவர் மரணத்திலிருந்து காப்பாற்றப்படவில்லையே என்று கேட்டால், அதற்கு விடை ஞாயிறு காலையில் இருக்கிறது. அதே நிருபம் 2:12இல் சங்கீதம் 22:22ஐ உயிர்த்த கிறிஸ்துவின் வாயில் வைத்து, "உம்முடைய நாமத்தை என் சகோதரருக்கு அறிவித்து" என்று அவரையே சபை நடுவில் பாடவைக்கிறது. பெரிய வெள்ளியன்று பேசுகிறவர் அந்த விடையை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்னும் அவசரம் இல்லை.

சபையில்

பேசுவதற்கு முன் சங்கீதம் முழுவதையும் சத்தமாக வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். செய்தியின் நேரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. ஒருவர் 21ஆம் வசனத்தின் முதற்பாதி வரை வாசித்து நிறுத்தட்டும், சபை அமைதியாயிருக்கட்டும், பின்பு மற்றொருவர் "எனக்குச் செவிகொடுத்தருளினீர்" என்று தொடங்கி முடிக்கட்டும். வாசிப்பவர்களை முந்தைய நாளே ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். முறையீட்டுப் பகுதியை வாசிப்பவர் அழுகைக் குரலை வரவழைக்க வேண்டாம், வரிகளின் நடையே போதும்.

அன்று உங்கள் முன் அமர்ந்திருப்பவர்களில், பிள்ளையைப் பறிகொடுத்தவரும் தீராத நோயில் இருப்பவரும் இருக்கக்கூடும். அவர்களிடம், உங்கள் கேள்வி அவிசுவாசம் என்று இந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. குமாரனே அதைக் கேட்டிருக்கிறார். 21ஆம் வசனத்தின் திருப்பம் எல்லாருக்கும் அன்றே வந்துவிடும் என்று வாக்குக்கொடுக்கவும் முடியாது. இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதமும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. அதை வாசித்துப் பார்த்து, தேவைப்பட்டால் அதிலிருந்து ஓரிரு வசனங்களை உங்கள் செய்தியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சி கைவந்த பின் 69ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளலாம். காடியைக் குடிக்கக் கொடுத்த வரி அதிலிருந்துதான் பாடுகளின் வரலாற்றுக்குள் வருகிறது. அதில் 22 முதல் 28 வரையுள்ள வசனங்கள் பகைவரைக் கடுமையாகச் சபிக்கின்றன. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று ஜெபித்தவரின் பாடுகளோடு அந்த வரிகளை எப்படிச் சேர்த்து வாசிப்பது என்னும் கேள்வி 22ஆம் சங்கீதத்தில் எழவில்லை, அங்கே எழும். அதற்கும் தாளில் எழுதுவதிலிருந்தே தொடங்குங்கள்.